விருந்தாளிக்குக் கொல்லைப்பக்கம் எதுக்கு?

எனக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா இதை எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், கொஞ்சம் கோவமாவும் இருக்கும். பொறுத்துக்குங்க மக்களே.

விஷயம் இதுதான். எங்க சித்தி பொண்ணு, பதினாறு வயசு, திருச்சியில பதினொண்ணாவது படிச்சிட்டு இருந்தவ, மாணவர் பரிமாற்றத் திட்டத்துல ஒரு வருஷத்துக்கு ஜெர்மனி வந்திருக்கா. எர்ஃபுர்ட்னு ஒரு ஊர், துரிங்கியா மாநிலத்தோட தலைநகர். அங்க ஒரு குடும்பத்தோட தங்கி, அந்த வீட்டுப் பொண்ணு படிக்கிற ஸ்கூலுக்கே போறா. பேரெல்லாம் எதுக்கு, வீட்டுல கூப்பிடற மாதிரி 'வாலு'ன்னே வச்சுக்குவோம். நான் ஃப்ராங்க்ஃபுர்ட்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். ரயில்ல ரெண்டேகால் மணி நேரம். "நீ இருக்கேங்கற தைரியத்துல தாம்ப்பா அனுப்பறோம்"னு சித்தி சொல்லி அனுப்பினாங்க. அதனால இந்தப் பஞ்சாயத்துல நானும் ஒரு குற்றவாளி.

அக்டோபர் ரெண்டாவது வாரக் கடைசி. வாலுவை வைமாருக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்களும் வாங்களேன்னு அந்த வீட்டம்மா கூப்பிட்டாங்க. போனேன்.

சனிக்கிழமை எல்லாம் சுபம். வைமார்ல அன்னிக்கு வெங்காயச் சந்தை. சும்மா இல்ல, 1653லேர்ந்து நடக்குதாம். வெங்காயத்தைச் சடை மாதிரி பின்னி, நடுவுல காஞ்ச பூவெல்லாம் சொருகித் தொங்க விட்டிருக்காங்க. ஊர் பூரா வெங்காய வாசனை. வாலு ஒரு வெங்காயச் சடையை வாங்கி தன்னோட சடை பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போட்டா. ஒரே ஹார்ட்டு மழை. சித்தி மட்டும் "கிலோ என்ன விலைடி?"ன்னு கேட்டாங்க :-)

அப்புறம் கதே வீடு. மகாகவி கதே 1775ல இந்த ஊருக்கு வந்து 1832ல சாகற வரைக்கும் இங்கதான் இருந்தார். நாடக அரங்கத்துக்கு முன்னாடி கதேயும் ஷில்லரும் சேர்ந்து நிக்கிற சிலை, 1857ல வச்சது. 1919ல அந்த அரங்கத்துல உக்காந்துதான் ஜெர்மனியோட முதல் குடியரசுக்கு அரசியல் சட்டம் எழுதினாங்க. அதனாலதான் அதுக்கு வைமார் குடியரசுன்னு பேரு. அதே 1919ல பௌஹவுஸ் கலைப்பள்ளியும் இங்கதான் ஆரம்பிச்சுது. இன்னிக்கு நாம உக்கார்ற வளைஞ்ச இரும்புக் குழாய் நாற்காலியெல்லாம் அவங்க புண்ணியம். ராத்திரி உருளைக்கிழங்குல ஒரு உருண்டை பண்ணிப் போட்டாங்க. பூரணம் இல்லாத கொழுக்கட்டைன்னு நெனச்சுக்குங்க. வாலு நாலு சாப்பிட்டா.

இதோட நிறுத்தியிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்ல.

ஞாயித்துக்கிழமை காலையில வைமார் ரயில் நிலையத்துலேர்ந்து ஆறாம் நம்பர் பஸ். இருபது நிமிஷம். ஊருக்கு வடமேற்கே எட்டர்ஸ்பெர்க்னு ஒரு குன்று. மேல போனா பூகன்வால்ட் வதைமுகாம்.

அன்னிக்கு வாலு குரூப்புல ஒரே ஒரு போட்டோதான் போட்டா. ஒரு இரும்பு கேட். கீழ, "அம்மா, இங்க 56,000 பேர் செத்திருக்காங்க"ன்னு ஒரு வரி. அவ்ளோதான்.

அடுத்த பத்து நிமிஷத்துல குரூப்பு பத்திக்கிச்சு. "படிக்கப் போன பொண்ணை சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க." "இதுவா கலாச்சாரப் பயணம்?" "அந்த ஊர்ல வேற நல்ல இடமே இல்லையா?" பெரிய மாமா ஒரு படி மேல போய், "விருந்தாளி வந்தா திண்ணையில உக்கார வச்சு காபி குடுப்பாங்களா, கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய்க் கக்கூஸைக் காட்டுவாங்களா?"ன்னு கேட்டார். எல்லாரும் கைதட்டற பொம்மை போட்டாங்க.

ராத்திரி சித்தப்பா போன். "தம்பி, நீ நல்லா இங்கிலீஷ்ல எழுதுவியே. அந்த பரிமாற்ற அமைப்புக்கு ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடு. பொண்ணுக்கு மன உளைச்சல்னு போடு. வீட்டை மாத்தணும், இல்லாட்டி திருப்பி அனுப்பணும்னு போடு."

எழுத மாட்டேன் சித்தப்பா. ஏன்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

"சின்னப் பொண்ணு, அதுக்கு எதுக்கு இதெல்லாம்?"

முதல்ல இது. பன்னண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளைக் கூட்டிட்டு வர வேணாம்னு அந்த நினைவிடத்துக்காரங்களே சொல்றாங்க. வாலுவுக்குப் பதினாறு. ஜெர்மனியில அவ வயசுப் பசங்க ஸ்கூல்லேர்ந்தே இந்த மாதிரி இடங்களுக்குப் போறாங்க. அவ கூடப் படிக்கிற முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே பார்த்தாச்சு. நம்ம பொண்ணு மட்டும் பார்க்கக் கூடாதுன்னா, ஒரு வருஷம் அந்தப் பசங்க பக்கத்துல உக்காந்து என்னத்தைப் பரிமாறிக்கறது? கொழுக்கட்டையையா?

ரெண்டாவது, யாரும் அவளைக் கண்ணைக் கட்டி இழுத்துட்டுப் போகல. முந்தின நாள் ராத்திரியே அந்த வீட்டம்மா உக்கார வச்சுச் சொன்னாங்க. நாளைக்குப் போற இடம் இன்னது, அங்க இதெல்லாம் இருக்கும், உனக்கு வேணாம்னா நாம பூங்காவுக்குப் போலாம், ஒண்ணும் தப்பில்லைன்னு. வாலுதான் வர்றேன்னு சொன்னா. உள்ளயும், தகன உலை இருக்கற கட்டடத்து வாசல்ல நின்னு, "இதுக்கு மேல வேணாம்னா இங்க உக்காரலாம்"னு மறுபடி கேட்டாங்க. வாலு அங்க உக்காந்துட்டா. உள்ள போகல. அந்தம்மாவும் கூடவே உக்காந்துட்டாங்க.

நம்ம வீடுகள்ல ஒரு பதினாறு வயசுப் பொண்ணுகிட்ட "உனக்கு இது வேணுமா, வேணாமா"ன்னு ஒரே நாள்ல ரெண்டு தடவை யாராவது கேட்டிருக்கோமா? இவங்க மேலயா கம்ப்ளெயின்ட்?

ஒரு தப்பு அவங்க பக்கம் இருக்கு, ஒத்துக்கறேன். திருச்சிக்கு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். அவங்க சொல்லல, எனக்கும் தோணல. அதுக்கு என்னைத் திட்டுங்க.

"கலாச்சாரம்னா நல்லதைத்தானே காட்டணும்?"

இங்கதான் எனக்குக் கோவம் வருது.

இந்த மாணவர் பரிமாற்றம்ங்கற ஏற்பாடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு குரூப்புல கத்தின யாருக்காவது தெரியுமா? வாலு எந்த அமைப்பு மூலமா வந்தாங்கறது இங்க முக்கியமில்ல. ஆனா இந்த யோசனையோட வேர் ரெண்டு இடத்துல இருக்கு. ஒண்ணு ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போர்ல ஃபிரான்ஸ் போர்முனையில ஆம்புலன்ஸ் ஓட்டின அமெரிக்கத் தன்னார்வலர்கள் அமைப்பு. ரெண்டாம் உலகப் போர்லயும் அதே வேலை. கை கால் போனவங்களையும் பொணத்தையும் தூக்கித் தூக்கிச் சலிச்சுப் போனவங்க, இனிமே இந்தக் கண்றாவி வேணாம்னு 1947ல ஆரம்பிச்சதுதான் பள்ளிப் பிள்ளைங்களை நாடு விட்டு நாடு அனுப்பற திட்டம். முதல் வருஷம் வந்தவங்க 52 பேர். இன்னொண்ணு ஒய்.எஃப்.யூ. 1951ல, போர்ல நொறுங்கிப் போன ஜெர்மனியிலேர்ந்து 75 பிள்ளைங்களை அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலக் குடும்பங்கள் தங்களோட வீட்டுக்குள்ள சேர்த்துக்கிட்டாங்க. ஆறு வருஷம் முன்னாடி வரைக்கும் எதிரி நாடு. அந்த வீடுகள்ல மகனைப் போர்ல பறிகொடுத்தவங்க கூட இருந்திருக்கலாம்.

ஆக, இந்தத் திட்டம் பொறந்ததே பொண வண்டியிலேர்ந்து. நல்ல டிரஸ் போட்டு, அந்த ஊர் டான்ஸ் ஆடி, சர்டிபிகேட் வாங்கிட்டுத் திரும்பறதுக்காக யாரும் இதை ஆரம்பிக்கல. ஒரு வாரக் கடைசியில கதே வீட்டையும் பூகன்வால்டையும் சேர்த்துக் காட்டின அந்தம்மா, திட்டத்தோட அசல் அர்த்தத்தைச் சரியாப் புரிஞ்சிக்கிட்டவங்க.

ஏன் ரெண்டையும் சேர்த்துன்னு கேட்டா, அது ரெண்டும் வேற வேற இல்லைங்கறதுதான் விஷயமே. நாஜிகள் 1937ல இந்த முகாமைக் கட்டறப்ப குன்று மேல இருந்த பீச் மரக் காட்டை வெட்டினாங்க. பூகன்வால்ட்னாலே பீச் மரக் காடுன்னுதான் அர்த்தம். ஒரே ஒரு கருவாலி மரத்தை மட்டும் வெட்டாம விட்டாங்க. ஏன்னா கதே அந்தக் குன்றுக்கு உலாவ வருவார், அது கதேயோட மரம்னு ஒரு பேச்சு. கவிஞருக்கு மரியாதை! அந்த மரத்தைச் சுத்தி வேலி போட்டு மனுஷங்களை அடைச்சாங்க. 1944ல குண்டு வீச்சுல மரம் எரிஞ்சு போச்சு. அடிக்கட்டை இன்னும் இருக்கு. முந்தின நாள் கதே வீட்டுக்கு வந்தவங்க மறுநாள் இந்தக் கட்டையைப் பார்க்கலைன்னா, கதேயைப் பாதிதான் பார்த்திருக்காங்கன்னு அர்த்தம்.

அந்த கேட்டைப் பத்தியும் சொல்றேன். அதுல இரும்பு எழுத்துல 'அவரவர்க்கு உரியது அவரவர்க்கு'ன்னு எழுதியிருக்கு. பழைய ரோமானியச் சட்ட வாசகம், நியாயத்தைப் பத்தினது. எழுத்து வெளியிலேர்ந்து படிக்கற மாதிரி இல்ல, உள்ள நிக்கிற கைதி படிக்கற மாதிரித் திருப்பி வச்சிருக்காங்க. அந்த எழுத்தை வடிவமைச்சவர் ஃப்ரான்ஸ் எர்லிஷ். பௌஹவுஸ்ல படிச்சவர், கம்யூனிஸ்ட், அங்கேயே கைதி. முந்தின நாள் மியூசியத்துல "எவ்ளோ அழகா இருக்குண்ணா"ன்னு வாலு சொன்ன பௌஹவுஸ், இந்த கேட்லயும் இருக்கு. அவதான் முதல்ல கண்டுபிடிச்சா, எழுத்து அதே மாதிரி இருக்கேன்னு. நான் மொபைலைப் பார்த்துட்டிருந்தேன்.

இன்னொண்ணு. முகாம் வேலிக்கு வெளியில ஒரு சின்ன மிருகக்காட்சிசாலை இருந்திருக்கு. 1938ல கட்டினது. எஸ்.எஸ். ஆளுங்களும் அவங்க பெண்டாட்டி பிள்ளைங்களும் பொழுது போக்கறதுக்கு. கரடி, குரங்கு எல்லாம் வச்சிருந்தாங்க. கரடிக் குழியோட சுவர் இன்னும் நிக்குது. அங்கேர்ந்து பார்த்தா, வேலிக்கு அந்தப் பக்கம் தகன உலையோட புகைபோக்கி. கிட்டக்க. அவ்ளோ கிட்டக்க.

"அண்ணா, இங்க பசங்களைக் கூட்டிட்டு வந்திருப்பாங்க இல்ல? லீவு நாள்ல?"ன்னு வாலு கேட்டா.

ஆமாடா. அவங்களும் வாரக் கடைசியில நல்லதை மட்டும்தான் காட்டினாங்க. கரடியைக் காட்டினாங்க. முதுகைத் திருப்பி நிக்க வச்சாப் போதும், கரடி மட்டும்தான் தெரியும்.

மாமா, நீங்க கேட்ட 'நல்லதை மட்டும் காட்டற' கலாச்சாரப் பயணத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

"அவங்க நாட்டு அசிங்கம், நமக்கெதுக்கு?"

அந்த வீட்டம்மா பஸ்ல வர்றப்ப ஒண்ணு சொன்னாங்க. அவங்களோட பாட்டி வைமார்க்காரங்க. முகாம் 1945 ஏப்ரல் 11 விடுதலை ஆச்சு. அஞ்சு நாள் கழிச்சு, ஏப்ரல் 16ஆம் தேதி, அமெரிக்க ராணுவம் வைமார் ஜனங்க சுமார் ஆயிரம் பேரைக் குன்று மேல நடக்க வச்சு, உள்ள என்ன இருக்குன்னு பார்க்க வச்சது. இருபத்திச் சொச்சம் வயசுல பாட்டியும் அந்தக் கூட்டத்துல போயிருக்காங்க. சாகற வரைக்கும் அவங்க சொன்னது ஒரே வாக்கியம்தானாம்: எங்களுக்குத் தெரியாது.

எட்டு ஒன்பது கிலோமீட்டர். மொத்தம் 2,80,000 பேர் அடைபட்டுப் போய் வந்த இடம். தெரியாது.

"பாட்டி பொய் சொன்னாங்களா, நிஜமாவே தெரிஞ்சிக்காம இருந்தாங்களான்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா என் வீட்டுக்கு வர்ற பிள்ளைங்க யாரும் தெரியாதுன்னு சொல்லக் கூடாது"ன்னாங்க அந்தம்மா. அவங்க நர்ஸ். பெரிய மேடைப் பேச்சாளர் எல்லாம் இல்ல. வெங்காயச் சடையை மடியில வச்சுக்கிட்டுச் சொன்னாங்க.

'நமக்கெதுக்கு' எங்க போய் முடியும்னு எனக்கு அன்னிக்கே இன்னொரு பாடமும் கிடைச்சுது. வாலுவை வீட்டுக்கு அனுப்பிட்டு, என் ரயிலுக்கு நேரம் இருந்ததால, அந்த வீட்டய்யா என்னை எர்ஃபுர்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னாடி ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். டாப்ஃப் அண்ட் சன்ஸ்னு ஒரு இன்ஜினியரிங் கம்பெனி அங்க இருந்துச்சு. பூகன்வால்டுக்கும் ஆஷ்விட்ஸுக்கும் தகன உலை செஞ்சு குடுத்தவங்க. 2011லேர்ந்து அது ஒரு நினைவிடம். உள்ள என்ன இருக்கு தெரியுமா? கடிதம், வரைபடம், விலைப் பட்டியல், பராமரிப்பு விவரம். வாடிக்கையாளர் கேட்டதைவிட நல்லாச் செஞ்சு தரணும்னு இன்ஜினியருங்க ஆளுக்கு ஆள் போட்டி போட்டிருக்காங்க. ஒருத்தர் 1942ல, நிக்காம தொடர்ந்து எரியற உலைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கார். வரைபடம் சுத்தமா, அளவெல்லாம் துல்லியமா இருக்கு. யாரும் அவங்க கழுத்துல கத்தி வைக்கல. ஆர்டர் வந்துச்சு, செஞ்சாங்க.

நானும் இன்ஜினியர்தான். ஆர்டர் வந்தாச் செய்யறவன்தான். இந்த மென்பொருள் கடைசியில எதுக்குப் பயன்படப் போகுதுன்னு ஒரு மீட்டிங்லயாவது கேட்டிருக்கேனா? நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்புல இந்தக் கம்பெனி பேரை யாரும் எனக்குச் சொல்லல. வாலுவுக்குப் பதினாறு வயசுலயே தெரிஞ்சிடுச்சு. அவளும் அப்புறம் இன்ஜினியரிங்தான் படிக்கப் போறா. இது மன உளைச்சலா, படிப்பா?

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஜெர்மன்காரங்க எல்லாம் மகாத்மாங்கன்னு நான் சொல்ல வரல. இந்த நினைப்பே பெரிய பாரம், இதை 180 டிகிரி திருப்பணும்னு 2017ல பேசின அரசியல்வாதி இதே துரிங்கியாவுலதான் கட்சி நடத்தறார். அவரோட கட்சிதான் 2024 மாநிலத் தேர்தல்ல அதிக ஓட்டு வாங்கின கட்சி. முகாம்ல செத்தவங்க ஞாபகமா வைமார் பக்கத்துல நட்ட மரங்களை 2022ல யாரோ ராத்திரியோட ராத்திரியா வெட்டிப் போட்டாங்க. போர் முடிஞ்சப்புறம் 1945லேர்ந்து 1950 வரைக்கும் சோவியத்காரங்க இதே இடத்தைச் சிறையா வச்சு, அதுல 7,000 பேருக்கு மேல செத்ததைப் பத்திக் கிழக்கு ஜெர்மனி இருந்த வரைக்கும் மூச்சு விட முடியாது. இப்ப அதுக்கும் அங்கேயே தனிக் காட்சி இருக்கு. ஆக, மறக்கச் சொல்றவங்க அங்கயும் இருக்காங்க. அதை மீறிச் சில பேர் பிடிவாதமா பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போறாங்க. அந்தச் சில பேர்ல ஒருத்தர் வீட்டுல நம்ம பொண்ணு இருக்கா. கொடுத்து வச்சவ.

சரி, என் கதை. ஜெர்மனிக்கு வந்து எனக்கு மூணு வருஷம் ஆகுது. வாரக் கடைசின்னா எனக்கு என்ன? சனிக்கிழமை துணி துவைக்கறது, தமிழ்க் கடையில கறிவேப்பிலை, ஞாயித்துக்கிழமை நாலு பேச்சுலர் சேர்ந்து பிரியாணி, தமிழ்ப் படம். பாரிஸ் போனேன், கோபுரத்தைக் கையால புடிக்கற மாதிரி போட்டோ எடுத்தேன். சுவிட்சர்லாந்து போனேன், பனியில படுத்துப் போட்டோ எடுத்தேன். என்னை எங்கயும் எதுவும் தொடல. வந்து ரெண்டே மாசமான இந்தப் பொண்ணு ரெண்டு நாள்ல பார்த்ததை, நான் மூணு வருஷத்துல பார்க்கல. "அவளுக்கு வயசு பத்தாது"ன்னு சொல்ற எனக்கு வயசு இருபத்தெட்டு :-(

கடைசியா, கோவத்தோட உண்மையான காரணத்துக்கு வர்றேன்.

டிசம்பர்ல அந்த வீட்டுப் பொண்ணு ரெண்டு வாரம் திருச்சிக்கு வருது. சித்தப்பா ஏற்கெனவே பட்டியல் போட்டாச்சு. மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர் பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, ஒரு நாள் பட்டுப் புடவை கட்டிப் போட்டோ. டிசம்பர் 25, அவங்க கிறிஸ்தவங்களாச்சேன்னு, கார் எடுத்துக்கிட்டு வேளாங்கண்ணி. நல்ல பட்டியல். எதையும் எடுக்கச் சொல்லல.

ஆனா பூகன்வால்ட் மைதானத்துல ஒரு உலோகப் பலகை இருக்கு. 1995ல பதிச்சது. அங்க அடைபட்டவங்க எந்தெந்த நாடு, இனம்னு பேர் பொறிச்சிருக்கு. அந்தப் பலகையை வருஷம் பூரா 37 டிகிரி சூட்டுலயே வச்சிருக்காங்க. மனுஷ உடம்போட சூடு. பனி கொட்டினாலும் அது மேல மட்டும் தங்காது. குனிஞ்சு கையை வச்சுப் பார்க்கலாம். குன்று மேல காத்து பல்லைக் கிட்டிக்க வச்சுது, வாலு அது மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. அப்புறம் தலையைத் தூக்காமயே கேட்டா:

"அண்ணா, டிசம்பர்ல அவ வர்றப்ப நாம எதைக் காட்டுவோம்?"

பெரிய கோயில்னு சொன்னேன்.

"அது சனிக்கிழமைக்கு. ஞாயித்துக்கிழமைக்கு?"

எனக்குப் பதில் வரல. ரயில்ல வர்றப்பதான் வந்துச்சு. தஞ்சாவூர்லேர்ந்து வேளாங்கண்ணிக்குப் போற கார் திருவாரூர் தாண்டிக் கீழ்வேளூர் வழியாப் போகும். அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள்லேர்ந்து 44 பேரை ஒரு குடிசையில வச்சு எரிச்ச ஊர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கார் வச்சிருக்கிற பெரிய மனுஷங்க நேர்ல நடந்து போய் இதைச் செஞ்சிருப்பாங்கன்னு நம்ப முடியலைன்னு காரணம் சொல்லி, உயர் நீதிமன்றம் நிலச்சுவான்தார்களை விடுதலை பண்ணிச்சு. அங்கயும் நினைவிடம் இருக்கு. வருஷா வருஷம் அதே 25ஆம் தேதி ஜனங்க கூடுவாங்க.

ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல. எண்ணிக்கையும் வேற, வரலாறும் வேற. ஆனா சித்தப்பா, உங்க சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். சின்ன வயசுல எத்தனையோ லீவுக்கு அங்க வந்திருக்கேன். வாய்க்கால்ல குளிச்சிருக்கேன், பம்பு செட்டுல ஆட்டம் போட்டிருக்கேன். வெண்மணி சைக்கிள்ல போற தூரம். ஒரு தடவை கூட நீங்க கூட்டிட்டுப் போனதில்ல. நான் கேட்டதும் இல்ல. அந்த ஊர் பேரை நான் முதல்ல படிச்சது காலேஜ் ஹாஸ்டல்ல, ஒரு நண்பனோட புத்தகத்துல. அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டப்ப நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா? "அதெல்லாம் பழைய கதை தம்பி. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்த வைமார் பாட்டி சொன்ன அதே வாக்கியம்.

அதனாலதான் இவ்ளோ கோவம்னு நெனைக்கறேன். அந்தம்மா தப்பான இடத்தைக் காட்டினதால இல்ல. அவங்க காட்டினப்புறம் நாம காட்டாம இருக்கறது கண்ணை உறுத்துது. விருந்தாளிக்குக் கொல்லைப்பக்கத்தைக் காட்டலாமான்னு மாமா கேட்டார். வீட்டுப் பிள்ளைக்கே காட்டாம முப்பது வருஷம் கதவைச் சாத்தி வச்ச கொல்லைப்பக்கத்தை என்ன பண்றது மாமா?

கம்ப்ளெயின்ட் கடிதம் எழுதல. அந்த வீட்டம்மாவுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதி, சித்தி சித்தப்பா பேரைப் போட்டு, "கையெழுத்து போட்டு அனுப்புங்க"ன்னு சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கேன். ரெண்டு நீல டிக் வந்திருக்கு. பதில் இன்னும் வரல. சித்தி மட்டும் நேத்து தனியா போன் பண்ணி, "அந்தப் பலகை நிஜமாவே சுடுமா கண்ணா?"ன்னு கேட்டாங்க. சுடாது சித்தி, நெத்தியில கை வச்சுப் பார்த்தா இருக்குமே, அந்தச் சூடுதான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "டிசம்பர்ல வண்டியில ஒரு ஆளுக்கு எடம் இருக்கும், நீயும் லீவு போட்டுட்டு வா"ன்னு சொல்லி வச்சுட்டாங்க.

டிக்கெட் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

பி.கு: இந்தப் பக்கம் வர்ற பொட்டி தட்டற நண்பர்களுக்கு: பூகன்வால்டுக்கு அனுமதி இலவசம். திங்கட்கிழமை காட்சிக்கூடங்கள் லீவு. ஆறாம் நம்பர் பஸ்ஸுல எல்லாமே மேல போகாது, பலகையைப் பார்த்து ஏறுங்க. கோடையிலயும் ஒரு ஜெர்கின் எடுத்துட்டுப் போங்க, மேல காத்து ஜாஸ்தி. பிரியாணியை அடுத்த வாரம் வச்சுக்கலாம்.